பாடப்புத்தகத்தில் இல்லாத அத்திமூர்

திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் 2018 மே 9ஆம் தேதி ஒரு கார் வந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்த குடும்பம். மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் உடன் இருந்தார்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று யாரோ சொல்ல, அந்தச் சொல் போனில் ஏறி அவர்களுக்கு முன்பாக அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கூட்டம் காரை மறித்தது. அறுபதைக் கடந்த பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அடித்ததைப் படமெடுத்தவர்கள் அதையும் வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அந்தப் படங்களே பிறகு காவல் துறைக்கு அடையாளம் காட்டின. ஏராளமானோர் கைதானார்கள், கைதுக்குப் பயந்து பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தலைமறைவானார்கள்.

அடித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதற்கு முந்தைய சில வாரங்களில் விரலை மட்டும் அசைத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற குரல்பதிவுகளும் படங்களும் வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அப்போது சுற்றிக்கொண்டே இருந்தன. அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பெற்ற மனம் பதறியிருக்கும். தங்கைக்கும் மைத்துனருக்கும் பழைய பள்ளித் தோழர்களின் குழுவுக்கும் தட்டிவிட்டிருப்பார்கள். அந்த ஆண்டு இந்தியாவின் பல பகுதிகளில் சுற்றிய கடத்தல் காணொலி ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் 2016இல் எடுத்த விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சற்று நேரத்தில் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அட்டையைப் பிரித்துக் காட்டுவார்கள். திரும்பி வரும் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். காணொலியை வெட்டலாம் என்பதும், வெட்டிய தடம் கண்ணுக்குத் தெரியாது என்பதும், ஒரு காட்சியை வைத்து முழுப் படத்தைத் தேடிப் பிடிக்க வழி உண்டு என்பதும் கணினியின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி தெரியாமல்தான் ஒரு மாவட்டமே கையில் போனோடு இருந்தது.

இணையத்தில் ஒழுங்காக நடந்துகொள்வதை நீதிபோதனை வகுப்பாகத் தனியே நடத்திப் பயனில்லை என்பது என் கட்சி. கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தால், பொறுப்பில் பாதி அந்தப் பாடத்தோடேயே வந்துவிடும். நாமோ இரண்டையும் தனித்தனியாக அறுத்து வைத்திருக்கிறோம். கணினிப் பாடத்தில் மனிதர்களைக் காணோம். காவல் துறை பள்ளிக்கு வந்து நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டத்தில் கணினியைக் காணோம்.

பதினேழாம் பாடம்

தமிழ்நாட்டுப் பாடநூலை எடுத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் கணினி என்பது அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு பகுதி. கணினி ஓர் அறிமுகம், கணினியின் பாகங்கள், வன்பொருளும் மென்பொருளும் என்று பருவத்துக்கு ஒன்றாகப் போகிறது. பத்தாம் வகுப்பில் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மென்பொருள் வருகிறது. நடத்த வேண்டியவர் அறிவியல் ஆசிரியர். அவருக்கு ஒளியியலும் மரபியலும் முடிந்து, திருப்புதலும் முடிந்து, நேரம் மிஞ்சினால்தான் புத்தகத்தின் கடைசி அலகு. மிஞ்சாது என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், பாடநூலை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் ஒரு முழுப்பாடமாக வருவது பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில். அதுவும் பதினேழாவது பாடம். அதற்கு முன்னால் எண் முறைகள், இயக்க அமைப்பு, சி++ மொழி, அதன் மரபுரிமம் எல்லாம் தாண்டி வர வேண்டும். பாடம் மோசமில்லை. திருட்டு மென்பொருள், அனுமதியற்ற அணுகல், ஏமாற்று மின்னஞ்சல், மறைகுறியாக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று வேண்டியவை இருக்கின்றன. ஆனால் அது கணினி சார்ந்த பிரிவுகளை எடுத்தவர்களுக்கு மட்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கும், வரலாறோ தாவரவியலோ எடுத்தவருக்கும் அந்தப் பக்கம் கண்ணில் படாது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டி நேரே பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவும் பழைய பழக்கத்துக்கு மறுபடி கதவு திறந்தால், முதலில் விழுவது இந்தப் பதினேழாம் பாடமாகத்தான் இருக்கும்.

இயந்திரம் கொடுப்பதில் தமிழ்நாடு ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டியதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் எத்தனையோ குடிசைகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்த பிறகு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆறாயிரத்துச் சொச்சத்தில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு 20 என்பது திட்டம். கிராமப் பள்ளி ஒன்றில் வரிசையாகத் திரைகள் ஒளிர்வதைப் பார்த்தால் யாருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அந்த அறையில் நடப்பது பெரும்பாலும் இணையவழி மதிப்பீட்டுத் தேர்வு, நுழைவுத்தேர்வுப் பயிற்சி, ஆசிரியர்களுக்கான பயிற்சி, பள்ளித் தகவல்களை ஏற்றும் எமிஸ் பதிவு. மாணவர் தன் போக்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் செய்து பார்ப்பதற்கு அங்கே நேரம் குறைவு.

ஆசிரியர் விஷயத்துக்கு வந்தால் கை சுருங்கிவிடுகிறது. மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினிப் பயிற்றுநர்கள் உண்டு; 2019இல்கூட 814 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. ஆறு முதல் பத்துவரை கணினிக்கென்று ஓர் ஆசிரியர் பணியிடம் உருவாக்கச் சொல்லிக் கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போன் கைக்கு வரும் வயது பதினொன்று. கணினி ஆசிரியர் கைக்கு வரும் வயது பதினாறு. இடைப்பட்ட ஐந்து ஆண்டில் பிள்ளை தானே கற்றுக்கொள்வதுதான் இங்கே உண்மையான பாடத்திட்டம்.

போன் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது

அந்த ஐந்தாண்டில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 2024ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை, 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் இதைக் கேட்டது. நாடு முழுவதும் 82.2 விழுக்காட்டினர் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும் என்றார்கள். அவர்களில் முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 விழுக்காடு, படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்தில் இருப்பவர்களில் ஒருவரைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. பாஸ்வேர்டு மாற்றத் தெரிந்தவர்கள் 57.7 விழுக்காடு, தன் பக்கத்தை அந்நியர் பார்க்காதபடி வைக்கத் தெரிந்தவர்கள் 55.2 விழுக்காடு. பாதிக்கு மேல் தெரிந்திருக்கிறதே என்று ஆறுதல் அடையலாம். பாஸ்வேர்டை மாற்றத் தெரியாதவர் பத்தில் நான்கு பேர் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் படிக்கிறேன்.

இந்தப் பிள்ளைகளைப் பிறவியிலேயே கணினி தெரிந்த தலைமுறை என்று பெரியவர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். ஓட்டலில் சாப்பிடத் தெரிந்தவரைச் சமைக்கத் தெரிந்தவர் என்று நாம் சொல்வதில்லை. திரையைத் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குக் கோப்பு என்றால் என்ன என்று தெரியாது. போன் அதை மறைத்தே வைத்திருக்கிறது. படம் கேலரியில் இருக்கிறது, பாட்டு ஆப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். எதை எங்கே சேமித்தோம், அதன் நகல் வேறெங்கு இருக்கிறது, நம் போனில் அழித்தால் அடுத்தவர் போனிலும் அழியுமா என்ற கேள்விகளே எழுவதில்லை. ஒரு படத்தை இருபது பேர் குழுவில் போட்டால் இருபது போனில் நகல் உண்டாகிறது, அவற்றில் ஒன்றுகூட இனி நம் கையில் இல்லை என்பதைக் கோப்பு, நகல், சேமிப்பகம் பற்றிய பாடத்தில் காட்டினால் போதும். கண்டதையும் பகிராதே என்று கம்பை ஆட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் மூன்றெழுத்து. ஜேபிஜி என்றால் படம், பிடிஎஃப் என்றால் ஆவணம், ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் செயலி. பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி, தொட்டவர் போனைக் கைப்பற்றும் மோசடி பற்றி 2024 இறுதியில் பல மாநிலக் காவல் துறைகள் எச்சரித்தன. விவசாயிகள் உதவித்தொகை, வண்டி அபராதம் என்ற பெயர்களிலும் அதே வித்தை நடக்கிறது. செங்கத்திலோ தண்டராம்பட்டிலோ நிலக்கடலை போட்டிருக்கும் ஒருவருக்கு அப்படி ஒன்று வந்தால் அவர் என்ன செய்வார்? “இது என்னன்னு பாரும்மா” என்று எட்டாவது படிக்கும் மகளிடம் போனை நீட்டுவார். உரிமைத்தொகை வந்ததா என்று பார்ப்பதும், கேஸ் பதிவு செய்வதும், தாத்தாவின் ஓய்வூதியக் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதும் அவள்தான். அந்த வீட்டின் கணினித் துறை முழுவதும் அவள் ஒருத்தி. பத்திரிகையில் ஏன் ஏபிகே என்று அவளுக்குச் சந்தேகம் வந்தால் குடும்பத்தின் சேமிப்பு தப்பும். மாணவருக்குக் கணினி கற்பிப்பது ஊருக்கே கற்பிப்பது என்பதை நம் கல்வித் துறை இந்தக் கணக்கில் பார்த்ததாகத் தெரியவில்லை.

பேருந்து நிலையத்தைச் சுற்றியும் பள்ளிகளின் எதிரிலும் இருக்கும் நெட் சென்டர்கள் இன்னொரு பள்ளிக்கூடம். நீட், பொறியியல் கலந்தாய்வு, உதவித்தொகை, அரசுத் தேர்வாணையம் என எல்லா விண்ணப்பமும் அங்கேதான் உயிர் பெறுகிறது. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பாதிப் பேருக்கு விண்ணப்பமே போயிருக்காது. ஆனால் அங்கே படிந்திருக்கும் பழக்கங்களைப் பாருங்கள். மின்னஞ்சலைக் கடைக்காரரே உருவாக்குவார். பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். ஓடிபியைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். ஆதாரும் சாதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி டெஸ்க்டாப்பில் கிடக்கும். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழிக்கு வந்துவிட்டது. விருப்பப் பட்டியலின் சாவி அந்தப் பாஸ்வேர்டு. அது தெரிந்த எவரும் பட்டியலின் வரிசையை மாற்றிவிடலாம். நான்கு ஆண்டுப் படிப்பை முடிவு செய்யும் சாவியை ஊரான் நோட்டில் எழுதிவைக்கும் பிள்ளையிடம், தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன என்று சொல்வதில் பயன் இல்லை. உன் மின்னஞ்சலை நீயே உருவாக்கு, நாலு பேர் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வை, கடைக் கணினியில் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்திரு என்று ஹைடெக் லேபில் உட்கார வைத்து ஒரு முறை செய்ய வைத்தால் பயன் உண்டு.

கோயில் நகரமான திருவண்ணாமலைக்கென்றே இன்னொரு பாடம் காத்திருக்கிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்புகிறது. கார்த்திகைக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். பரணி தீபத்துக்கும் மகாதீபத்துக்கும் கட்டணச் சீட்டு கோயிலின் இணையதளத்தில் விற்கப்படுகிறது. ஆதார், கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் கேட்கும். அறையும் தரிசனமும் தேடுகிறவர்களின் அவசரம் மோசடிக்காரர்களுக்கு எப்போதும் நல்ல சந்தை. கேதார்நாத் ஹெலிகாப்டர், சார்தாம் யாத்திரை விடுதி என்று போலி இணையதளங்கள் வைத்துப் பக்தர்களை ஏமாற்றுவதைப் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. இதிலிருந்து தப்பிக்கத் தேவையான கல்வி ஒன்றே ஒன்று: இணைய முகவரியின் தளப்பெயரை வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாகப் படிப்பது. அண்ணாமலையார் கோயிலின் முகவரி ‘அண்ணாமலையார்’ என்று தொடங்குவதால் அதை நம்ப வேண்டியதில்லை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் முன்னால் போட்டுக்கொள்ளலாம். தளப்பெயர் கடைசியில் ‘கவ் டாட் இன்’ என்று முடிவதுதான் அடையாளம். அது அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. வெறும் டாட் இன்னும் டாட் காமும் சில நூறு ரூபாய்க்கு யாருக்கும் கிடைக்கும். பூட்டுப் படம் தெரிந்தால் பத்திரம் என்பதும் மூடநம்பிக்கைதான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே பூட்டு சொல்கிறது, எதிரில் இருப்பவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. தேடினால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்தப் பாடம் முடிந்தது.

சட்டம் யாருக்குத் துணை

சட்டத்தை நாம் பிள்ளைகளிடம் பூச்சாண்டியாகவே கொண்டுபோகிறோம். அரங்கத்தில் ஐந்நூறு பேரை உட்கார வைத்து, இதற்கு மூன்று ஆண்டு, அதற்கு ஐந்து ஆண்டு என்று படித்துவிட்டு, உறுதிமொழி எடுக்க வைத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு போகிறோம். அந்தத் தகவல்களில் தவறில்லை. ஆசிரியரின் படத்தை வைத்து அவர் பெயரில் கேலிக்கணக்கு தொடங்கி ஆளை ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் மூன்று ஆண்டுவரை சிறை என்கின்றன. பீதி கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் படங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை, என் போனில் வைத்துப் பார்க்க மட்டும் செய்தேன் என்ற வாதம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம்வரை செல்லுபடியானது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. அப்படிப்பட்ட படத்தை வேண்டுமென்றே வைத்திருப்பதே குற்றமாகலாம் என்பதை வகுப்பில் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லியாக வேண்டும்.

கல்லூரி வாசலில் இன்னும் அவசரமானது வங்கிக் கணக்கு வாடகை. உன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று யாராவது வருவார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். பணம் பறிகொடுத்தவர் 1930 எண்ணுக்குப் புகார் சொன்னதும் முதலில் சிக்குவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர். பணத்தைக் கொண்டுபோனவர் கம்போடியாவிலோ மியான்மர் எல்லையிலோ இருப்பார். வழக்கு நம்மூர்ப் பையன் பெயரில் இருக்கும். அவனுக்கு அரசு வேலைக் கனவு இருந்தால் அதோடு முடிந்தது. வங்கிப் பரிமாற்றத்தில் ஒவ்வோர் அடியும் பதிவாகிறது என்று தெரிந்த பையன் அந்தக் கமிஷனுக்கு ஆசைப்பட மாட்டான், ஆசைப்பட்டாலும் பயப்படுவான். இங்கும் கணினி அறிவுதான் முதல் காவல்.

பூச்சாண்டி காட்டுவதால் வரும் கேடு வேறு இடத்தில் இருக்கிறது. படத்தை மாற்றி ஒட்டி மிரட்டப்படும் பெண் பிள்ளை யாரிடமும் சொல்ல மாட்டாள். சொன்னால் போனைப் பிடுங்குவார்கள். போனோடு படிப்பும் போகலாம். அவளும் அதே அரங்கத்தில் உட்கார்ந்து ‘சைபர் குற்றம்’ என்ற சொல்லைக் கேட்டவள்தான். அதில் தான் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவளா என்று யாரும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியவை நிறைய. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, மாவட்டத்திலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அந்தரங்கப் படங்கள் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளே சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களுக்கென்று ‘டேக் இட் டவுன்’ என்ற சேவையை அமெரிக்கத் தொண்டு அமைப்பு ஒன்று நடத்துகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அந்தக் கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் போகும்; சேவையில் இணைந்திருக்கும் தளங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் படத்தைக் கண்டால் தடுக்கும். அந்த எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. இதைப் புரியவைக்கக் கணிதம் வேண்டும், கோப்பு தெரிந்திருக்க வேண்டும். படத்தை அனுப்பாமலேயே படத்தை நிறுத்தலாம் என்று ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பது, பத்துச் சட்டப் பிரிவுகளைவிட அவளுக்குத் துணை.

சட்டம் மாணவரைக் காக்கவும் செய்யும் என்பதற்கு நல்ல கதை நம் நாட்டிலேயே உண்டு. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை அடைத்துக் கிடந்ததை விமர்சித்து ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஓர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்டதற்காக அவள் தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர் ஒரு ட்வீட்டுக்காகக் கைதாகியிருந்தார். இதை எதிர்த்து ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று, அந்தக் கைதுகளுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. எது குற்றம் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் எது குற்றம் ஆகாது என்பதும் வர வேண்டும். ஆட்சியரைக் கேள்வி கேட்பதும், தலைவரை விமர்சிப்பதும் ‘சைபர் குற்றம்’ என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு வளர்ந்தால் அதுவும் நம் பாடத்தின் தோல்வி.

பெரியவர்கள் யோக்கியமாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல வாய் வரும். 2022 பிப்ரவரியில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே சமூக ஊடகங்களில் வந்துவிட்டன. விசாரணை திருவண்ணாமலை மாவட்டத்துத் தனியார் பள்ளிகளில் போய் நின்றது. கல்வி அதிகாரிமீதும் நடவடிக்கை வந்தது. பெட்டியிலிருந்து தாளை எடுத்தது மாணவர்கள் இல்லை. அவர்கள் செய்தது அடுத்தவருக்கு அனுப்பியது. தொடங்கியவர் வேறு, பரப்பியவர் வேறு என்ற இந்த வேலைப் பிரிவினை அத்திமூரிலும் இருந்தது, பிறகும் தொடர்ந்தது. 2023 மார்ச்சில் வேறு ஊர்களில் வேறு காரணத்துக்கு நடந்த மோதல் காட்சிகளைப் பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சொல்லிப் பரப்பினார்கள். பயந்த தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் வடக்கத்தியரைக் கண்டு நாம் பயந்தோம். இப்போது நம்மைக் கண்டு அவர்கள் பயந்தார்கள். பொய் சொல்லும் முறை மட்டும் மாறவில்லை: பழைய படம், புதிய தலைப்பு. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. அனுப்பப்பட்ட செய்திக்கு முத்திரையும் போட்டது. 2018 ஜூலை 17 அன்று கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது. நிறுவனமும் நீதிமன்றமும் தங்கள் பங்கைச் செய்தன. பள்ளிக்கூடம் அந்த ஜூலையில் தன் பங்குக்கு எதுவும் செய்யவில்லை. இத்தனைக்கும் புதிய பாடநூல்கள் வந்தது அந்த ஆண்டில்தான்.

செய்ய முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வலர் அமைப்பு, அரசுப் பள்ளி, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளையும் இணையப் பாதுகாப்பையும் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே கற்பித்துவருகிறது. கட்டற்ற மென்பொருளில் கற்பிப்பதில் எனக்குப் பிடித்தது விலை இல்லை என்பதல்ல. திருட்டு மென்பொருளில் திருட்டைப் பற்றிப் பாடம் நடத்தும் கேலிக்கூத்து அங்கே இல்லை. தட்டச்சுப் பயிலகங்களையும் மறந்துவிடக் கூடாது. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் இன்றும் காலையில் அந்தச் சத்தம் கேட்கிறது. லோயர், ஹையர், பிறகு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ் என்று பிள்ளைகள் போய்வருகிறார்கள். அரசு வேலைக்கான படிதான். ஆனால் கோப்பை எங்கே வைத்தோம் என்று தெரிந்தவர்கள் அவர்களே.

துறையிடம் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. பதினேழாம் பாடத்தைப் பிரித்து ஆறு முதல் ஒன்பதுவரை இறக்குங்கள். அறிவியல் நூலின் கடைசி அலகாக இல்லாமல், ஹைடெக் லேபில் வாரத்துக்கு ஒரு பீரியடாக வையுங்கள். அதற்கென்று ஓர் ஆசிரியரைக் கொடுங்கள். எமிஸ் வேலையை அந்த நேரத்தில் அந்த அறைக்குள் விடாதீர்கள். தேர்வு வேண்டாம். ஒரு வாரம் கராச்சிக் காணொலியின் ஒரு காட்சியைக் கொடுத்து அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒரு வாரம் ஆளுக்கொரு மின்னஞ்சல். ஒரு வாரம் வீட்டில் எல்லோருடைய போனிலும் எந்தெந்தச் செயலிக்கு எதற்கெல்லாம் அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதிவரச் சொல்லலாம். பெற்றோர் சங்கடப்படுவார்கள், படட்டும். அடுத்த கார்த்திகைக்குத் தீபத்துக்கான சீட்டு விற்பனை தொடங்கும் வாரத்தில், மாவட்டத்தின் எல்லா லேபிலும் கோயிலின் இணையதளத்தைத் தேடச் சொல்லுங்கள். முதலில் வந்த நான்கு முகவரிகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் வலது ஓரத்திலிருந்து படிக்க வையுங்கள்.